மூன்றாவது மணி நேரத்தில் தெரியும் இயர்போன்

இயர்போனைக் காதில் மாட்டி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே விரலால் அதை மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடி, பாட்டே கொஞ்சம் பருமனாகிறதா? விரலை எடுத்ததும் மறுபடி மெலிந்துபோகிறதா? அப்படியென்றால் இத்தனை நாள் நீங்கள் கேட்டது அந்த இயர்போனின் முழு ஒலி கிடையாது, கசிந்தது போக மிச்சம்.

எனக்கு இது தெரிய ஆறு மாதம் ஆனது. முதன்முதலாக வாங்கிய ஐஇஎம்மைப் (காதுத் துவாரத்துக்குள் போய் அடைத்து உட்காருகிற இயர்போன்) பற்றிப் படித்த இடத்திலெல்லாம் பேஸ் ஆழமாக இறங்கும் என்று எழுதியிருந்தார்கள். என் காதிலோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. மிருதங்கத்தில் வலந்தலை என்கிற வலது பக்கச் சொற்கள் மட்டும் டக் டக்கென்று கேட்கும், தொப்பி என்கிற இடது பக்கத்துக் கும்கி, அந்த ஆழ்ந்த ஒலி, இருக்கிற இடமே தெரியாது. பழுதான பீஸ் வந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்தப் பெட்டி கையில் வந்தது. உள்ளே பிரிக்காத உறையில் பெரிய சைஸ் டிப் (இயர்போன் முனையில் மாட்டுகிற மெத்தென்ற உறை) இரண்டு கிடந்தன, சரி பார்ப்போமே என்று மாட்டினேன். அதே இயர்போன், அதே போன், அதே கச்சேரிப் பதிவு. தொப்பி கும்மென்று விழுந்தது, அதன் பின்னால் தம்புரா விரிந்து நின்றது. அன்று ராத்திரி தூங்கப் போகவே மனம் வரவில்லை.

இதற்குக் காரணம் ரொம்ப எளிது. டிப் காதுத் துவாரத்தை முழுதாக அடைத்திருந்தால், ட்ரைவர் என்கிற, இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் பாகத்துக்கும் செவிப்பறைக்கும் நடுவில் சின்னதாக ஒரு மூடிய காற்றறை உண்டாகிறது. ட்ரைவரின் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது அந்தக் காற்று அழுந்தி விரிகிறது, அதுதான் நமக்கு ஒலி. ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் மெதுவாக அசைகிற காற்று அது வழியாக வெளியே போய்விடும். மெதுவாக அசைவது என்றால் தாழ்ந்த அதிர்வெண், அதாவது பேஸ். மேல் அதிர்வெண்களை அந்தக் கசிவு அவ்வளவாகத் தொடாது. அதனால் சீல், அதாவது டிப்பின் அடைப்பு, சரியில்லாத இயர்போன் சத்தம் குறைந்ததாகத் தெரியாது, மெலிந்து கூர்மையானதாகத் தெரியும். நாமும் டிப்பை விட்டுவிட்டு இயர்போனைக் குறை சொல்வோம்.

அதனால்தான் யாராவது எந்த ஐஇஎம் வாங்கலாம் என்று கேட்டால் நான் முதலில் காதைப் பற்றிக் கேட்கிறேன். முன்னால் வாங்கியது வலித்ததா, அடிக்கடி கழன்று விழுந்ததா, கூட வந்த டிப்களில் எந்த சைஸ் போட்டீர்கள். பெரும்பாலும் கிடைக்கிற பதில், ஏற்கனவே என்ன மாட்டியிருந்ததோ அதுதான் என்பது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுத்தர சைஸ் மாட்டியிருக்கும், அதையே எல்லாரும் அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்கு இடது பக்கம் நடுத்தரம், வலது பக்கம் பெரியது. மாட்டும் விதத்திலும் விஷயம் இருக்கிறது: மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை லேசாக மேலேயும் பின்னாலேயும் இழுத்தால் துவாரம் கொஞ்சம் நேராகும், அப்போது இயர்போனை வைத்து மெல்லத் திருகி உள்ளே விட்டு மடலை விடுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே பாதிப் பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

சிலிக்கான் டிப் பிடிக்காதவர்களுக்கு ஃபோம் டிப் இருக்கிறது. அதை விரல்களுக்கு நடுவில் உருட்டி மெல்லிசாக்கி, காதில் விட்டு, அது விரிகிற வரை அரை நிமிடம் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். வெளிச் சத்தத்தை நன்றாக அடைக்கும், காதுக்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் ட்ரெபிள், அதாவது மேல் அதிர்வெண், கொஞ்சம் மங்கும், சில மாதங்களில் தேய்ந்து பிசுபிசுத்துப்போகும், சிலிக்கானைப் போல சோப்புத் தண்ணீரில் அலசவும் முடியாது. கூச்சல் அதிகமான இயர்போன் ஏற்கனவே கையில் இருக்கிறது என்றால், அதை விற்றுவிட்டு வேறு வாங்குவதற்கு முன்னால் ஃபோம் டிப் போட்டுப் பார்ப்பது நல்ல யோசனை. டிப்பின் நடு ஓட்டை அகலமாக இருந்தால் ஒலி கொஞ்சம் திறந்தும், குறுகலாக இருந்தால் கொஞ்சம் அடங்கியும் கேட்கும் என்பது என் அனுபவம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காது உணரும்.

ஷெல் எனப்படும் உடல் பகுதியும் முக்கியம். காது மடலின் குழிக்குள் அது முட்டாமல் உட்கார வேண்டும். முட்டுகிற இடம் முதல் கால் மணி நேரத்தில் தெரியாது, ஒரு மணி நேரம் கழித்து அந்த இடம் சிவந்து வலிக்கும்போது தெரியும். நாசில் என்கிற குழாய் முனை தடிமனாக இருந்தால் சின்னத் துவாரம் உள்ளவர்களுக்கு எந்த டிப் போட்டாலும் அழுத்தும். இதற்கு எந்த மருந்தும் இல்லை, வேறு இயர்போன்தான் வாங்க வேண்டும். ஒலியில் மனசைப் பறிகொடுத்துவிட்டு, வலி போகப் போகப் பழகிவிடும் என்று யாரும் வாங்காதீர்கள். ஒரு காலத்தில் நான் அப்படி நம்பினேன், மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன், பழகவில்லை.

ஐஇஎம் என்பதன் விரிவு இன்-இயர் மானிட்டர். மானிட்டர் என்ற பெயர் மேடையிலிருந்து வந்தது. பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தங்கள் ஒலி தங்களுக்கே கேட்பதற்காகக் காலடியில் வைக்கிற ஸ்பீக்கருக்கு மானிட்டர் என்று பெயர், ராக் மேடைகளில் அதன் சத்தம் காதைக் கிழிக்கும். வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவுடன் பயணித்த ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, அதன் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் வைக்கிற மானிட்டரைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1995-இல் அல்டிமேட் இயர்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. அதற்கும் முன்னால், 1991-இல், எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இஆர்-4 என்ற இயர்போன் வந்துவிட்டது. செவித்திறன் துறையில் ஊறிய மீட் கில்லியன் தொடங்கிய நிறுவனம் அது, இயர்போனோ மூன்றடுக்கு டிப்போடு காதுக்குள் ஆழமாகப் போகிற வகை.

இந்த வரலாற்றை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. மேடை ஐஇஎம்மின் வேலையே வெளிச் சத்தத்தை அடைத்து, உள்ளே குறைந்த சத்தத்தில் கேட்க வைப்பதுதான். இன்றைக்கும் அன்றாடம் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அதன் பெரிய பலன் அதுவே என்று நினைக்கிறேன். பஸ்ஸில், ரயிலில், பேச்சுச் சத்தம் நிறைந்த அறையில் சாதாரண இயர்போன் என்றால் வால்யூமைக் கூட்டித்தான் ஆக வேண்டும். நல்ல சீல் உள்ள ஐஇஎம் என்றால் வேண்டாம். பேட்டரியில் ஓடுகிற சத்தக் குறைப்பு, எஞ்சின் முனகல் போன்ற தாழ்ந்த, ஒரே சீரான சத்தத்தை அருமையாக அழிக்கும். பேச்சு, ஹார்ன் மாதிரி மேல் அதிர்வெண்களைத் தடுப்பதில் டிப்பின் பங்குதான் பெரிது. ஆனால் இதே காரணத்துக்காக, ரோட்டில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் ஐஇஎம் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் வண்டி நிஜமாகவே கேட்காது.

இந்த அடைப்புக்கு ஒரு விலையும் உண்டு. பேசினால் உங்கள் குரல் தலைக்குள்ளேயே குடத்தில் பேசுகிற மாதிரி ஒலிக்கும், நடந்தால் ஒவ்வொரு காலடியும் கேட்கும், எதையாவது மென்று தின்றால் சொல்லவே வேண்டாம். கேபிள் சட்டையில் உரசுவதும் கேட்கும், அதைக் குறைக்கத்தான் பெரும்பாலான ஐஇஎம்களில் கேபிளைக் காதுக்கு மேலாக வளைத்துப் பின்னால் கொண்டுபோகிறார்கள். சில மாடல்களில் காற்றழுத்தம் வெளியேறச் சின்னத் துளை இருக்கும், சிலவற்றில் இருக்காது. துளை இல்லாததைக் காதில் அழுத்தி மாட்டும்போது செவிப்பறையில் ஒரு பாரம் தெரியும், சில டைனமிக் ட்ரைவர்கள் அந்த அழுத்தத்தில் மடங்கி மொடமொடவென்று சத்தம் போடும். மெதுவாக மாட்டினால் அது வராது.

அப்புறம் ட்ரைவர். விளம்பரங்களில் அதிகம் இடம்பிடிப்பது இதுதான், நான் குறைவாகப் பேச விரும்புவதும் இதுதான். டைனமிக் ட்ரைவர் என்பது சின்ன ஸ்பீக்கர், காந்தமும் சுருளும் சவ்வும் கொண்டது, பேஸுக்கு இயல்பான உடம்பு தரும். பேலன்ஸ்டு ஆர்மெச்சர் என்பது காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்த குட்டிப் பெட்டி, ஷெல்லுக்குள் பலவற்றை அடுக்கலாம். பிளேனார் என்பதில் சவ்வின் பரப்பு முழுக்கக் கம்பித் தடம் ஓடும், இரு பக்கமும் காந்தங்கள் இருக்கும். இவற்றைக் கலந்து செய்வது ஹைப்ரிட். ஐந்து ட்ரைவர், எட்டு ட்ரைவர் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பல ட்ரைவர் வைத்தால் எந்த அதிர்வெண்ணை எது வாசிப்பது என்று பிரித்துக்கொடுக்க வேண்டும், பிரிக்கிற இடத்தில் ஒட்டு தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை அழகாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு டைனமிக் ட்ரைவரை நன்றாக டியூன் செய்து, எல்லாவற்றையும் ஒரே குரலாகக் கேட்க வைத்தவர்களும் இருக்கிறார்கள். முதல் ஐஇஎம் வாங்குகிறவருக்கு நான் சொல்வது இரண்டாவது வகை.

டியூனிங், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்று அமைப்பதுதான், உண்மையில் நாம் வாங்குவது. இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். திறந்த காதில் ஒலி வரும்போது, மடலும் துவாரமும் சேர்ந்து 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அதை நன்றாகப் பெருக்கிக் கொடுக்கின்றன. பிறந்ததிலிருந்து மூளைக்கு அந்தப் பெருக்கம் பழக்கம், அதுதான் அதற்கு இயல்பு. ஐஇஎம் மடலைத் தாண்டி உள்ளே போய்த் துவாரத்தையும் அடைத்துவிடுவதால் அந்தப் பெருக்கம் போய்விடுகிறது, எனவே இயர்போனே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்ட இணையத்தில் போடுகிற ஒலி கிராஃபில் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு தெரிவது இதனால்தான், அது கோளாறு இல்லை. எவ்வளவு மேடு, பேஸில் எவ்வளவு ஏற்றம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கிறது என்று ஹார்மன் என்ற ஒலிக் கருவி நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவின் குழு ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்து ஒரு வளைவு வரைந்தது. இன்று வருகிற பல ஐஇஎம்கள் அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான் டியூன் ஆகின்றன. அதனால் விலை குறைந்தவற்றிலும் நல்ல ஒலி சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது, நான் முதலில் வாங்கிய காலத்தோடு பார்த்தால் இது பெரிய மாற்றம்.

கிராஃபைப் பார்த்தால் நான் நான்கு இடங்களில்தான் கண் வைப்பேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது டிரம்மும் பேஸ் கிட்டாரும். 200 முதல் 500 வரை வீங்கியிருந்தால் ஆண் குரலும் செல்லோவும் கனமாகும், அளவு மீறினால் எல்லாம் போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை அதிகமானால் பெண் குரலும் நாதஸ்வரமும் டிரம்பெட்டும் முகத்துக்கு நேரே கத்தும், குறைந்தால் பாடகர் இரண்டடி பின்னால் போய்விடுவார். 5 முதல் 8 வரை கூர்முனை இருந்தால் ஸ், ஷ் வருகிற ஒவ்வொரு சொல்லும் ஊசியாகக் குத்தும். ஒரு எச்சரிக்கை: 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றி வரும் கூர்முனை பல சமயம் அளக்கிற கருவியின் குழாயில் எழும் ஒத்ததிர்வு. உங்கள் காதில் இயர்போன் எவ்வளவு ஆழம் போகிறதோ அதைப் பொறுத்து அது இடம் மாறும், ஆழமாகப் போனால் மேலே நகரும். இரண்டு வேறு ஆட்கள் வேறு வேறு கருவியில் அளந்த கிராஃப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் வீண் வேலை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நான் வாங்கிய இரண்டாவது ஐஇஎம் முதல் பத்து நிமிடத்தில் என்னைத் திகைக்க வைத்தது. வயலின் வில் கம்பியில் உரசும் சத்தம், பாடகர் பல்லவிக்கு முன்னால் மூச்சு இழுப்பது, பதிவு அறையில் யாரோ நாற்காலியை நகர்த்துவது, எல்லாமே கேட்டது. பல வருடம் கேட்ட பாட்டில் இதெல்லாம் இருந்ததா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கேட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது: நான் பாட்டுக் கேட்பதே குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு முழு ஆல்பம் கேட்பேன், இப்போது மூன்று பாட்டு முடிந்ததும் கை தானாகப் போய் இயர்போனைக் கழற்றிவிடும். வேலை அதிகம், மனசு சரியில்லை என்று வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் அந்த இயர்போனின் மேல் அதிர்வெண் ஏற்றம். காது சோர்ந்துபோகிறது, ஆனால் சோர்வு என்று அது வாய்விட்டுச் சொல்வதில்லை, கழற்று என்று மட்டும் சொல்கிறது.

கடையிலோ நண்பர் வீட்டிலோ ஐந்து நிமிடம் கேட்டு முடிவு செய்தால் நாம் எப்போதும் இந்த மாதிரி இயர்போனைத்தான் தேர்ந்தெடுப்போம். பளிச்சென்று இருப்பது உடனே பிடிக்கும், சத்தமாக இருப்பதும் அப்படித்தான். இரண்டு இயர்போனை அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒன்று கொஞ்சமே கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருந்தாலும் காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் மாற்றி மாற்றிக் கேட்கும்போது வால்யூமைக் காதால் சமன் செய்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு படி கூட்டி ஒரு படி குறைத்து, குரல் இரண்டிலும் ஒரே அளவில் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

முடிந்தால் இரவல் வாங்குங்கள், அல்லது திருப்பிக் கொடுக்க வழி இருக்கிற இடத்தில் வாங்குங்கள். ஒரு முழு நாள் அதோடு வேலை செய்யுங்கள். வால்யூமை நீங்கள் வழக்கமாக வைப்பதற்கும் கொஞ்சம் கீழே வையுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். காதில் ஏதோ இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தால் அது உங்களுக்கான இயர்போன். ஏன் குறைந்த வால்யூம் என்றால், சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை மற்றதைவிட வேகமாக இழக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வளைவுகளாகப் போட்டிருக்கிறார்கள். சத்தமாக வைத்தால் சமனாகத் தெரிகிற இயர்போன், ராத்திரி மெல்ல வைத்துக் கேட்கும்போது வற்றிப்போகலாம். அன்றாடம் மெதுவாகக் கேட்கிறவர்களுக்குப் பேஸ் கொஞ்சம் ஏறிய டியூனிங் சுகமாக இருப்பது அதனால்தான், அதைப் பேஸ் பைத்தியம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சோதிக்க எடுத்துப் போகிற பாட்டுகள் எல்லாருக்கும் வேறு வேறு, ஆனால் வகைகளைச் சொல்லலாம். தனிக் குரல் ஒன்று, பக்க வாத்தியம் அதிகம் இல்லாதது, நீங்கள் நூறு முறை கேட்டது. தோல் வாத்தியம் நன்றாகப் பதிவான ஒன்று, தபலாவோ மிருதங்கமோ டிரம்ஸோ, தட்டும் அதன் பின்னால் நீளும் நாதமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பார்க்க. பத்துப் பதினைந்து வாத்தியம் ஒன்றாக மோதுகிற நெரிசலான ஒரு சினிமாப் பாட்டு, அதில் கோரஸ் வரும்போதும் பாடுகிறவரின் வார்த்தை புரிகிறதா என்று பார்க்க. கடைசியாக, பதிவே சரியில்லாத ஒரு பழைய பாட்டு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் ஆசையாகக் கேட்கிற பாட்டுகளில் பாதி பழைய பதிவுகள், இரைச்சலோடும் கீறலோடும் வருபவை. அவற்றைக் கேட்கவே முடியாதபடி செய்கிற இயர்போன் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் கருவி), டாங்கிள் (போனில் செருகி இயர்போனை இணைக்கிற சின்னக் கருவி) பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான ஐஇஎம்களை இயக்கப் போனே போதும். ஜாக் இல்லாத போனுக்கு யூஎஸ்பி-சி டாங்கிள் ஒன்று வேண்டும், சாதாரணமானதே நல்ல வேலை செய்யும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பல ஆர்மெச்சர் கொண்ட, மின்தடை குறைந்த இயர்போனை, வெளியீட்டு மின்தடை அதிகமான கருவியில் செருகினால் அதன் டியூனிங்கே மாறிவிடும். கருவியின் வெளியீட்டு மின்தடை இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் கவலை இல்லை. 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு முனை கூடுதல் சக்தி தரும், அந்தச் சக்தி பெரும்பாலான ஐஇஎம்களுக்குத் தேவையே இல்லை. கேபிளை மாற்றினால் ஒலி மாறும் என்று வாங்காதீர்கள். கழற்றக்கூடிய கேபிள் உள்ள மாடலை வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன், ஏனென்றால் இயர்போனில் முதலில் சாகிறது கேபிள்தான். கேபிளை இயர்போனோடு சேர்க்கிற இணைப்பு இரண்டு வகை. எம்எம்சிஎக்ஸ் சுழலும், அடிக்கடி கழற்றினால் தளரும். 0.78 மில்லிமீட்டர் டூ-பின் சுழலாது, ஆனால் சாய்த்து இழுத்தால் முள் வளையும். நேராகப் பிடித்து இழுக்கப் பழகிக்கொண்டால் இரண்டும் பல வருடம் வரும்.

புளூடூத்தா வயரா என்று கேட்டால், வசதி எல்லாம் புளூடூத் பக்கம், அதில் விவாதமே இல்லை. வயரோடு நான் நிற்பதற்குக் காரணம் பேட்டரி. வயர்லெஸ் இயர்பட் எவ்வளவு நல்ல ஒலி தந்தாலும் அதன் குட்டிப் பேட்டரி சில வருடங்களில் சோர்ந்துவிடும், நல்ல ட்ரைவரையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். வயர் ஐஇஎம்மில் சாவதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை.

ஈக்யூவை, அதாவது அதிர்வெண்களை ஏற்றி இறக்குகிற அமைப்பை, தொடவே கூடாது என்று ஒரு பிடிவாதம் சிலரிடம் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இரண்டாவது இயர்போனை நான் தூக்கிப் போடவில்லை. 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் 4 டெசிபல் இறக்கினேன், அவ்வளவுதான், இப்போது அது வேறு ஆள். ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது. எங்கேயாவது ஏற்றினால் மொத்த அளவை அதே டெசிபல் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாட்டில் சத்தம் கூடுகிற இடங்களில் ஒலி கிழியும்.

காதின் ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. தினமும் ஐந்து மணி நேரம் கேட்கிறவர்கள் 89-இல் கேட்டால் ஒரு வாரத்துக்கான அளவு ஒரே நாளில் தீர்ந்துவிடும். உள்காதில் ஒலியை உணர்கிற மயிரிழைச் செல்கள் அழிந்தால் திரும்ப வளர்வதில்லை. நான் செய்வது இது: அமைதியான அறையில் உட்கார்ந்து போதும் என்று தோன்றுகிற இடத்தில் வால்யூமை வைத்துவிடுவேன், வெளியே போனாலும் அதைத் தாண்டுவதில்லை. வெளியே அது போதவில்லை என்றால் டிப் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அதைத்தான் சரிசெய்வேன். கழற்றிய பிறகு காதில் ஊய் என்று ஒரு சத்தம் நின்றால் அன்றைக்கு அதற்கு மேல் கேட்காதீர்கள். அது அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை நாசில் முனையில் இருக்கும் வலையில் காதழுக்கு அடைத்ததால் வருபவை. டிப்பைக் கழற்றிவிட்டு, நாசிலைத் தரையைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் கீழிருந்து தட்டிவிட வேண்டும். மேலே பார்த்தபடி பிடித்தால் அழுக்கு உள்ளே விழும். ஊசியால் குத்தவே கூடாது. டிப்பைத் தனியாக சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். வியர்வையோடு அப்படியே பெட்டியில் மூடி வைக்காமல் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள்.

குறிப்பிட்ட மாடல் பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை புதிதாக ஒன்று வந்து பழையதைத் தள்ளிவிடுகிற சந்தை இது, பட்டியல் போட்டால் சீக்கிரமே பழசாகிவிடும். வகையாகச் சொல்கிறேன். வெளிச் சத்தம் அறவே வேண்டாம், ஆழமாக மாட்டுவது பரவாயில்லை என்றால் எட்டிமோட்டிக் மாதிரி மூன்றடுக்கு டிப் வகை. நாள் முழுக்க இருக்க வேண்டும், ஷெல் சின்னதாக இருக்க வேண்டும் என்றால் பல வருடமாக விற்பனையில் இருக்கிற ஷ்யூர் எஸ்இ215 மாதிரி உருவம். மற்றபடி ஹார்மன் வளைவுக்குப் பக்கத்தில் டியூன் ஆன, ஒற்றை டைனமிக் ட்ரைவர் கொண்ட, கேபிள் கழற்றக்கூடிய ஒன்று. அதை வாங்கி, கூடவே வேறு வேறு அளவில் இரண்டு மூன்று ஜோடி டிப்பும் வாங்கி, இரண்டு வாரம் வேறு எதையும் மாட்டாமல் கேளுங்கள். புதிய டியூனிங்குக்குக் காது பழக அவ்வளவு நாளாவது வேண்டும்.

நான் இப்போது தினமும் மாட்டுவது நான்காவதாக வாங்கியது, மூன்றாவது வருடம் ஓடுகிறது. வில் உரசுவது அதில் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கிறது. கேபிள் ஒருமுறை மாற்றினேன், டிப் போன மாதம் புதிதாகப் போட்டேன். இடது பக்கம் நடுத்தரம், வலது பக்கம் பெரியது.